கண்ணைப் பற்றி ஒரு வரி கூட இல்லை

ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள்கிற பெண்களைக் கிண்டல் செய்து எழுதுவது ரொம்பச் சுலபம். "கடவுள் கொடுத்த இமை போதாதா" என்று ஆரம்பித்து, பாட்டி காலத்துக் கண்மையில் கொண்டுபோய் முடித்துவிடலாம். அந்தப் பாட்டி விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள்ளேயே இட்டதையும், குழந்தை காலையில் பீளை கட்டிக் கண் திறக்க முடியாமல் கத்தியதையும் யாரும் எழுதுவதில்லை. அலங்காரம் அவரவர் இஷ்டம், எனக்கு அதில் ஒரு தகராறும் கிடையாது. இத்தனை மாதமாக மண்டைக்குள் குடைந்துகொண்டிருப்பது வேறு. பார்லரில் வேலை முடிந்ததும் கையில் கொடுத்தனுப்புகிறார்களே, ரோஜா நிறத்தில், வழவழவென்று, உள்ளங்கை அளவு ஒரு அட்டை, மேலே 'ஆஃப்டர் கேர்' என்று போட்டு. அந்த அட்டைதான்.

என் சித்தி மகள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். முப்பதை நெருங்கினாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். கல்யாணம் மதுரையில். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சென்னையில் ஒரு பார்லரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடிப் படுத்திருந்து, இமைமுடி ஒவ்வொன்றின் மேலும் செயற்கை முடி ஒட்டிக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ரயிலை விட்டு இறங்கும்போதே கண் ஓரம் சிவந்திருந்தது. "ஏசி ஒத்துக்கலக்கா" என்றாள், நானும் அப்படித்தான் இருக்கும் என்று பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நலங்கு. எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் விடாத சடங்கு. பாப்பா அட்டையை எடுத்து நீட்டினாள். நாற்பத்தெட்டு மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. எண்ணெய் ஆகவே ஆகாது. ஆவி பிடிக்கக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, குப்புறப் படுக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது. சித்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு, "கண்ணுல ஆபரேஷன் பண்ணி அனுப்பிருக்காங்களாடி?" என்றார். கடைசியில் நலங்கு கழுத்துக்குக் கீழேதான் நடந்தது. பெரிய அத்தை மட்டும் பிடிவாதமாக உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தார். அது வழிந்து இறங்கிவிடக்கூடாது என்று பாப்பா கைக்குட்டையை மடித்துப் புருவத்துக்கு மேல் அழுத்திப் பிடித்தபடியே மீதிச் சடங்குக்கு உட்கார்ந்திருந்தாள். அந்த போட்டோ ஒன்று இருக்கிறது, ஆல்பத்தில் சேர்க்க விடமாட்டேன் என்கிறாள்.

இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டும் சாயங்காலத்துக்குள் இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, ட்யூப் லைட்டைப் பார்க்க முடியவில்லை, மேலிமை ஓரம் தடித்து அரிக்கிறது. கசக்கவும் கூடாது என்று அட்டை சொல்லியிருக்கிறதே. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெட்ராஸ் ஐ என்று முடிவுகட்டியவர்கள்

கல்யாண வீட்டில் ஒரு கண் சிவந்தால் ஆளுக்கொரு டாக்டர். முதல் தீர்ப்பு, மெட்ராஸ் ஐ. சிவந்த கண் என்றால் நமக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஆரம்பித்தது, உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே 1918-ல் இந்த வைரஸ் தொற்றை அடையாளம் கண்டு சொன்னதால்தான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகிறது, அந்தப் பெயர் நம் வாயில் அவ்வளவு வசதியாக உட்கார்ந்துவிட்டதால் கண் சிவக்க வேறு காரணம் இருக்கலாம் என்றே தோன்றுவதில்லை. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பித்து அடுத்ததற்குப் போகும், நீர் கொட்டும், பக்கத்தில் யாருக்காவது இருந்திருக்கும். பாப்பாவுக்கு இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில், பசை பட்ட வரிசை ஓரமாகவே தடிப்பு. ஆனால் யார் அவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தார்கள்? குழந்தைகளை அந்த அறைப் பக்கம் விடாதே என்று உத்தரவு போட்டாயிற்று.

அப்புறம் வைத்தியம். பன்னீரில் பஞ்சை நனைத்து வை என்றார் ஒருவர். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்தால் குளிர்ச்சி என்றார் இன்னொருவர், வெளியே வைக்கிறவரை அதில் பெரிய கெடுதல் இல்லை. தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பாட்டி சொன்னதும், கைக்குழந்தையோடு வந்திருந்த மாமா மருமகள் சத்தமில்லாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கடைசியில் மாமா தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "கண்ணு சிவந்திருக்கு" என்ற இரண்டே வார்த்தையைச் சொல்லி, ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். சீட்டு கேட்கவில்லை, யாருக்கு, எதனால் என்று கேட்கவில்லை. போட்டுக் கொஞ்ச நேரத்தில் சிவப்பு வடிந்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். உறுத்தல் மட்டும் அப்படியேதான் இருந்தது என்பதைப் பாப்பா ராத்திரிதான் என்னிடம் சொன்னாள், அதுவும் வலி தாங்காமல்.

மஞ்சள் தாள்

காலையில் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போனோம். ஐம்பது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு, அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மெலிசான ஒரு காகிதக் கீற்று, நுனியில் ஆரஞ்சுச் சாயம். அதில் ஒரு சொட்டு நீரை விட்டுக் கீழிமைக்குள் தொட்டு எடுத்தார், கண் முழுக்க மஞ்சளாகிவிட்டது. பாப்பாவின் தாடையை அந்தக் கருவியின் மேல் வைத்து நீல வெளிச்சத்தைப் போட்டதும், பக்கத்துத் திரையில் எனக்கும் தெரிந்தது. கருவிழியின் கீழ்ப்பகுதியில் மட்டும் பச்சைப் பச்சையாய்ப் பொடிப்புள்ளிகள். மேல்தோல் எங்கெல்லாம் உரிந்திருக்கிறதோ அங்கெல்லாம் அந்தச் சாயம் பிடித்துக்கொள்ளுமாம். "பசை ஒட்டும்போது கண் முழுசா மூடியிருக்காது. கீழே ஒரு கீற்று திறந்திருக்கும். அந்த இடந்தான் வெந்திருக்கு" என்றார்.

வெளிச்சத்தை வெள்ளைக்கு மாற்றி இமை ஓரத்துக்குக் கொண்டுபோனார். அவ்வளவு பெரிதாக்கி இமையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு செயற்கை முடி, ஒன்றோடு ஒட்ட வேண்டியது, பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்று சொந்த முடிகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது. ஒன்று வளர, ஒன்று உதிர, ஒன்று நிற்க என்று மூன்றும் மூன்று வயசு. ஒட்டிக் கட்டிவிட்டதால் ஒன்றையொன்று வேரோடு இழுத்துக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் கருப்புப் பசை திரண்டு, கடுகில் பாதி இருக்கும், இமைத்தோலிலேயே உட்கார்ந்திருந்தது. பாப்பா ஒவ்வொரு தடவை கண்ணைச் சிமிட்டும்போதும் அது வெள்ளைவிழியை உரசிக்கொண்டு போவது திரையில் தெரிந்தது. எனக்கு என் கண்ணைக் கசக்க வேண்டும் போல இருந்தது.

மெடிக்கல் சொட்டு மருந்தை டாக்டர் கையில் வாங்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்த மருந்து அது. தேவைப்பட்டால் தானே கொடுப்பேன், ஆனால் அளவு சொல்லி, நிறுத்தும் தேதியும் சொல்லி என்றார். கருவிழி உரிந்திருக்கும்போது யாரும் பார்க்காமல் அதைப் போடுவதில் என்ன ஆபத்தென்றால், சிவப்பு அடங்கிவிடும், உள்ளே பூஞ்சைத் தொற்று இருந்தால் அது சத்தமில்லாமல் வளரும். நம் பக்கம் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு பெரிய காரணம், வயல் வேலையில் கண்ணில் இலை, வைக்கோல் கிழித்து வருகிறவர்கள் அவ்வளவு பேர். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தமும் புரையும் வேறு. இவளுக்கு நல்லவேளை அப்படி ஒன்றும் இல்லை.

அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார், "பார்லர்ல என்ன சொல்லி அனுப்பினாங்க?" பாப்பாவால் எதையும் படிக்க முடியவில்லை, கண்ணெல்லாம் மஞ்சள். நான் அவள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து வாசித்தேன். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் தங்கும். எண்ணெய் கலந்த க்ரீம் பசையை இளக்கும். கசக்கினால் உதிரும். மஸ்காரா போட்டால் உதிரும். ஆவி பட்டால் வளைவு கலையும். பட்டுத் தலையணை உறை நல்லது. தினமும் பிரஷ்ஷால் சீவினால் பார்க்க அழகாக இருக்கும். மூன்றாவது வரி, நாலாவது வரி வரும்போதே என் குரல் இறங்கிவிட்டது. ஒவ்வொரு வரியும் முடியைப் பற்றியது. டாக்டர் பேனாவைக் கீழே வைக்காமல், "கண் எரிஞ்சா என்ன பண்ணணும்னு போட்டிருக்கா?" என்றார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், மூன்று வாரத்துக்குள் வந்தால் ரீஃபில்லுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி.

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்துவிட்டேன். ஆனால் அப்போதிருந்துதான் இது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அட்டையில் பொய் ஒன்றும் கிடையாது. எல்லாமே சரியான யோசனைதான், ஒட்டியது நிற்பதற்கு. பாப்பா ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தாள், நலங்கைக்கூட விட்டுக்கொடுத்தாள். முடி ஒன்றுகூட உதிரவில்லை. பராமரிப்பு என்று தலைப்புப் போட்டிருந்ததால் நாங்கள் எல்லோருமே அது கண்ணுக்கான பராமரிப்பு என்று எடுத்துக்கொண்டோம். அது உண்மையில் சாமானுக்கான பராமரிப்பு.

பசை செய்கிற வேலை

இந்தப் பசையை நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. சயனோஅக்ரிலேட். ஃபெவிக்விக் அந்தக் குடும்பம்தான். கோடாக் கம்பெனிக்காரர் ஹாரி கூவர் என்பவர் இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் கண்ணாடி செய்யப் போய், எல்லாவற்றிலும் ஒட்டித் தொலைக்கிறதே என்று ஒதுக்கிவைத்த பொருள் அது. கருவிழியில் சின்ன ஓட்டை விழுந்தால் கண் டாக்டர்களே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வகையை வைத்து அடைப்பதும் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதனால் பசை என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. இது ஈரம் பட்டால்தான் இறுகும், காற்றிலிருக்கிற ஈரமே போதும். கண்ணுக்கு மேலே அரை சென்டிமீட்டரில் இரண்டு மணி நேரம் இந்தப் பசை ஆவியாகிக்கொண்டிருக்கிறது, கீழே எப்போதும் ஈரமாக இருக்கிற கண். ஃபார்மால்டிஹைடும் கொஞ்சம் வெளியாகும். ஜப்பானில் எக்ஸ்டென்ஷன் வைத்துக் கண் கெட்டு வந்த பெண்களைப் பரிசோதித்த டாக்டர்கள் 2012-ல் இதை எழுதினார்கள். பசையின் ஃபார்மால்டிஹைடால் கருவிழி அழற்சி, பசை ஒவ்வாமல் இமை வீக்கம், கீழிமையை இழுத்து ஒட்டும் டேப் உரசி வெண்படலத்தில் புண், கழற்றும்போது அழுத்தியதில் விழிவெண்மையில் ரத்தக்கட்டு, எல்லாம் அதில் வந்தது. அங்கே 2008-லேயே முறைப்படி அழகுக்கலை உரிமம் வைத்திருப்பவர்கள்தான் இமைக்குப் பசை போடலாம் என்று சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. இங்கே சில நாள் பயிற்சி முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் கடை திறந்துவிடலாம்.

எரிச்சலும் ஒவ்வாமையும் ஒன்றல்ல என்பதை டாக்டர் பாப்பாவுக்குப் புரியவைத்த விதம் எனக்குப் பிடித்தது. எரிச்சல் அன்றைக்கே வரும், ஒட்டி எழுந்து கண்ணைத் திறந்ததுமே கரிக்கும், விட்டால் ஓரிரு நாளில் அடங்கும். ஒவ்வாமை மெதுவாக, மறுநாளோ அதற்கு மறுநாளோ வரும், அரிப்பாக, இமை பொத்திக்கொண்டு. முதல் சில தடவை ஒன்றுமே ஆகாமல் இருந்து, உடம்பு அந்தப் பொருளை ஒருமுறை எதிரியாக எண்ணிவிட்டால் அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் வரும், முன்னைவிட வேகமாக. "போன தடவ ஒண்ணும் ஆகலையே" என்கிற சமாதானம் அதனால்தான் இதில் செல்லாது. பாப்பாவுக்கு இரண்டும் சேர்ந்து வந்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கும் அவள் இதே மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாள், அப்போது லேசாக அரித்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கே கழற்றிவிட வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் பிய்க்கக்கூடாது, சொந்த முடியும் வேரோடு வரும், திரும்ப முளைக்காமலும் போகலாம். நெயில் பாலிஷ் ரிமூவரைக் கண் பக்கமே கொண்டுபோகக்கூடாது. பார்லரில் திரவமாக இருப்பதை விட்டுவிட்டுக் க்ரீமாக இருக்கும் ரிமூவரைப் போடச் சொல்லுங்கள், அது கண்ணுக்குள் ஓடாது என்றும் சொல்லி அனுப்பினார். மதுரையிலேயே ஒரு இடத்தில் எடுத்தோம். அப்புறம் ப்ரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் சொட்டு, குளிர்ந்த துணி ஒத்தடம், அவர் எழுதிக்கொடுத்த மருந்து. கண்ணுக்கு மட்டும் எதுவும் இல்லாமல்தான் மணவறையில் உட்கார்ந்தாள். ஹோமப் புகை வேறு. ஆல்பம் வந்தபோது பார்த்தால், போட்டோகிராஃபர் கண்ணை வெளுத்து இமையையும் நீட்டி வைத்திருக்கிறார், யாரும் கேட்காமலேயே.

தண்ணீர் படக்கூடாதாம்

அட்டையிலேயே எனக்கு அதிகக் கோபம் வந்த வரி இதுதான். நாற்பத்தெட்டு மணி நேரம் என்று முதலில் சொல்கிறார்கள், அது பழைய பசைக் காலத்துப் பேச்சு, இப்போதைய பசைகள் பலவும் சீக்கிரமே இறுகிவிடுகின்றன என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். சிலர் முடித்த கையோடு மெல்லிய நீராவியைத் தெளித்துப் பசையை இறுக்கியே அனுப்புகிறார்கள். ஆனால் படிக்கிறவர்கள் மனதில் நிற்பது மணிக்கணக்கு இல்லை, பயம். தண்ணீர் பட்டால் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் போச்சு. அதனால் இரண்டு நாள் கழித்தும் கண்ணுக்குக் கீழேயே முகம் கழுவிக்கொண்டு வாரக்கணக்கில் திரிகிறார்கள்.

இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, மேலிமையில் மட்டுமே முப்பது சொச்சம். கண்ணீர் சட்டென்று காய்ந்துவிடாமல் மேலே ஒரு எண்ணெய்ப் படலம் போடுவது அவைதான். கழுவாத இமையில் எண்ணெயும் செத்த தோலும் மேக்கப்பும் தூசியும் சேர்ந்து, எக்ஸ்டென்ஷனின் அடியில் அப்பிக்கொண்டு அந்தச் சுரப்பிகளின் வாயை அடைக்கும். இமைமுடி வேரில் டெமோடெக்ஸ் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி நம்மில் பலருக்கும் உண்டு, சும்மா இருக்கும். அழுக்குச் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம், பெருகி, முடி அடியில் பொடுகு மாதிரி வளையம் கட்டும். காலையில் இமை ஒட்டிக்கொள்வது, ஓரம் சிவந்து தடிப்பது, அடிக்கடி கண்கட்டி வருவது, எல்லாம் இந்த வழியில் வருகிறவை. எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவள் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் இமையைக் கழுவ வேண்டும். கண்ணுக்கென்றே விற்கிற எண்ணெயில்லாத நுரையை மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து, மூடிய இமையின் அடியில் தடவி, நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. அட்டையில் சீவுவதற்கு வழி சொல்லியிருந்தார்கள், கழுவுவதற்குச் சொல்லவில்லை.

நீளத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹூவும் கூட இருந்தவர்களும் 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இருபத்திரண்டு வகைப் பாலூட்டிகளின் இமைமுடியை அளந்து, காற்றுக் குழாய்க்குள் மாதிரிக் கண்ணை வைத்துப் பார்த்தால், இமைமுடியின் நீளம் கண் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதுதான் கண்ணுக்கு நல்ல காப்பு. அதைத் தாண்டி நீண்டால் காற்றைத் தடுப்பதற்குப் பதில் வளைத்துக் கண்ணுக்குள்ளேயே கொண்டுவந்து விடுகிறது, கண் சீக்கிரம் காய்கிறது. ஏசி அறையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிற பாப்பா மாதிரிப் பெண்ணுக்கு இது சும்மா தகவல் இல்லை.

புகார் போகிற இடம்

கல்யாணம் முடிந்து வீடு அடங்கிய பிறகு அந்தப் பார்லர் நம்பருக்கு நான் பேசினேன். சண்டை போடத்தான் நினைத்தேன். எடுத்த ஓனரம்மா மரியாதையாகப் பேசினார், பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அட்டையில் கண்ணைப் பற்றி ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டதும், "நாங்க டாக்டர் இல்லையே மேடம்" என்றார். சரி, அதுவும் நியாயம்தான். அப்புறம் ஒன்று சொன்னார்: "கண் பிரச்சினைன்னு இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட வந்ததே இல்ல மேடம். வர்றவங்க எல்லாம் முடி கொட்டிடுச்சுன்னுதான் வருவாங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு நாளில் முடி கொட்டினால் பார்லருக்கு போன் போடுவோம், காசு கொடுத்த இடம் அது. கண் சிவந்தால் மெடிக்கலுக்குப் போவோம், தாங்கவில்லை என்றால் கண் டாக்டரிடம். டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பார், அவர் பார்லருக்கு போன் செய்யப்போவதில்லை. பாதிப் பேர் டாக்டரிடமே எக்ஸ்டென்ஷனைச் சொல்வதில்லை, வெட்கம், அம்மா பக்கத்தில் இருப்பாள். ஆக, ஒட்டிவிட்ட கைக்குத் தன் வேலை கண்ணை என்ன செய்தது என்று கடைசிவரை தெரியவே தெரியாது. அந்த அட்டையின் ஒவ்வொரு வரியும் எப்போதோ வந்த ஒரு புகாரிலிருந்து பிறந்திருக்கிறது. தண்ணீர் பட்டு உதிர்ந்தது என்று ஒருத்தி சத்தம் போட்டிருப்பாள், ஒரு வரி ஏறியிருக்கும். எண்ணெய் பட்டு உதிர்ந்தது, இன்னொரு வரி. கண்ணுக்காக யாரும் அங்கே போய்ச் சத்தம் போடாததால் கண்ணுக்கு வரி இல்லை. யாரோ திட்டம் போட்டு மறைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்தால்கூடக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும்.

அதனால் பாப்பாவை விடாமல் நச்சரித்து, டாக்டர் எழுதிய சீட்டையும் திரையில் எடுத்த படத்தையும் அந்தப் பார்லருக்கு அனுப்பவைத்தேன். ஓனரம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. ஒட்டிவிட்ட பெண் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். மிசோரம்காரப் பெண், தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அந்தக் கறுப்புப் பசைத் திரளைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டாளாம். அன்றைக்கு மழை, ஈரக்காற்றில் பசை சீக்கிரம் திரள்கிறது, அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார் என்றாள். பேச்சுவாக்கில் தனக்கும் சாயங்காலமானால் தும்மலும் மூச்சு இறுக்கமும் வருவதாகவும், தூசி அலர்ஜி என்று ஓனர் சொன்னதாகவும் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வருவதில்லையாம். லீவு நாளில் விட்டுப்போகிற மூச்சிறுக்கம் என்றால் வேலையிடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சயனோஅக்ரிலேட் ஆவியைத் தினமும் சுவாசிக்கிறவர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வருவது தெரிந்த விஷயம், நெஞ்சு டாக்டரிடம் போகும்போது என்ன வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல் என்று பாப்பாவிடம் சொன்னேன். நமக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம். அவள் நாள் முழுக்க அதன் மேலேயே குனிந்துகொண்டிருக்கிறாள், அவளுக்கு அட்டையே கிடையாது.

இப்போது தலை தீபாவளி வருகிறது. எக்ஸ்டென்ஷன் இனி வேண்டாம், லாஷ் லிஃப்ட் பண்ணிக்கொள்ளட்டுமா என்று பாப்பா கேட்டாள். அதில் முடி ஒட்டுவதில்லை, சொந்த முடியையே வளைத்து நிறுத்துகிறார்கள். தலைமுடியைச் சுருட்ட பார்லரில் போடுகிற தயோகிளைகோலேட் வகைதான், முடிக்குள் இருக்கிற பிணைப்பை உடைத்து வேறு வடிவத்தில் திரும்பக் கட்டுகிறது. கண்ணுக்குள் ஒழுகினால் அதுவும் சுடும். அதைக்கூடப் பார்த்துச் செய்கிறவர்களிடம் செய்துகொள்ளலாம், கூடவே 'டின்ட்' என்று இமைக்குச் சாயம் பூசுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம் என்றேன். சித்திக்கு ஹேர் டை ஒத்துக்கொள்ளாது, போட்ட மறுநாள் காதோரமெல்லாம் கொப்பளித்துவிடும். பாப்பாவும் கல்லூரி நாளில் கையில் கறுப்பு மருதாணி போட்டுப் புண்ணாக்கிக்கொண்டவள். இரண்டிலும் பெரும்பாலும் வில்லன் பி.பி.டி. என்கிற ஒரே சாயப்பொருள். அமெரிக்காவில் 1933 வாக்கில் லாஷ் லூர் என்று ஒரு இமைச்சாயம் இதே பொருளை வைத்து வந்து, பல பெண்களின் கண்ணைக் கெடுத்தது, பார்வை போனவர்கள் உண்டு, ஒரு பெண் இறந்தே போனாள். அழகுசாதனப் பொருட்களைக் கேள்வி கேட்க அரசாங்கத்துக்கு அப்போது அதிகாரமே இல்லை, 1938-ல் சட்டம் வந்த பிறகுதான் வந்தது.

டின்ட் இல்லாமல் லிஃப்ட் மட்டும் என்று ஒத்துக்கொண்டாள். லிஃப்டுக்குப் போடுகிற மருந்தைக் காது பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, பண்டிகைக்கு ஒரு வாரமாவது இருக்கும்போது போ, கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போ, நடுவில் எரிந்தால் வாய்விட்டுச் சொல், எழுந்து கழுவிவிடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். "அக்கா, நானே ஒரு இடத்துல கேட்டுட்டேன்" என்றாள் குறுக்கே. நடுவில் கண் எரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாளாம். போனை எடுத்த பெண் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு யாரிடமோ விசாரித்திருக்கிறாள். பிறகு, "அப்படியெல்லாம் எரியாது மேம், நாங்க ஆர்கானிக்தான் யூஸ் பண்றோம்" என்றாளாம். வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.